தண்ணீரில் போட்டுப் பார்க்காத ட்யூப்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசைக்கு நாங்கள் போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் மூன்று பேரும் மண்டியிட்டுத்தான் இருந்தோம் — தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில், ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி!

நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள் ரெஜினா. ஏழரை மணிக்கு மண்டல சைக்கிள் டீமுக்கான செலக்‌ஷன் ரேஸ். முதல் மூன்று பேருக்குத்தான் மாநிலப் போட்டியில் இடம். போன வருஷம் ரெஜினா நாலாவது. அன்றைக்கு எங்கள் ஊர் நீடாமங்கலம் வந்து சேரும்வரை வேனில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இதை விட்டால் இந்தப் பிரிவில் வேறு வாய்ப்பு கிடையாது.

ஏழு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது பின் டயர் பஞ்சர்.

அறுவடை முடிந்த மாசத்தில் நம் பக்கத்துத் தார் ரோடெல்லாம் களம்தானே? எதிர்ப்பக்க சர்வீஸ் ரோட்டில் யாரோ நெல் காய வைத்திருந்தார்கள். வண்டி ஏறிவிடக் கூடாதென்று சுற்றிலும் கருவேல முள். வார்ம்-அப் ஓட்டப் போனவள் எதிரே லாரி வந்ததும் ஒதுங்க வேண்டியிருந்தது. ஒதுங்கினால் நெல், இல்லாவிட்டால் முள். முள்ளில் ஏற்றிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். நெல் மேல் எப்படிச் சக்கரத்தை விடுவது?

“ஸ்பேர் ட்யூப் எங்க?” என்று அவர் கேட்டார்.

நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இவர் மஸ்கட்டில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறார். போன வருஷத் தோல்விக்குப் பிறகு யாரிடமோ விசாரித்து, மகளுக்கு இரண்டு ட்யூப் அனுப்பினார். ரப்பர் இல்லை, மெல்லிய ஆரஞ்சு நிற பிளாஸ்டிக். கையில் வைத்தால் காலி பால் கவர் கனம்தான் இருக்கும். எடை குறைந்தால் வேகம் கூடுமாம். முன் சக்கரத்தில் பழைய ரப்பரே இருக்கட்டும் என்று ஒன்றைப் பின் சக்கரத்தில் மாட்டினாள். இன்னொன்றை நான் பத்திரப்படுத்தினேன்.

எங்கே? பீரோவில்... பட்டுப்புடவைக்கு அடியில்!

வெளிநாட்டுச் சாமான் என்றால் நம் வீடுகளில் முதலில் பீரோவுக்குத்தானே போகிறது? செண்ட் பாட்டில், டார்ச் லைட், வாசனை சோப்பு — எல்லாம் ஏதோ ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருக்கும். அந்த நல்ல நாள் இதோ வந்துவிட்டது. பீரோ நீடாமங்கலத்தில். சாவி என் கைப்பையில்.

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நேரே வேனுக்குப் போய்த் தன் டூல்ஸ் பையை எடுத்து வந்தார்.

சக்கரத்தைக் கழற்றி ட்யூபை உருவினார்கள். லேசாகக் காற்றடித்து, கன்னத்தருகே வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்தாள் ரெஜினா. ஊசி முனை அளவுதான். அவர் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்.

“அப்பா, இது ரப்பர் இல்ல. தேய்க்காதீங்க.”

“எனக்கே டயர் வேலை சொல்லித் தர்றியா?” என்று சிரித்துக்கொண்டே சொல்யூஷனைத் தடவி, ரப்பர் பேட்ச்சை ஒட்டி, சுத்தியல் பிடியால் நாலு தட்டுத் தட்டினார். எத்தனையோ வருஷமாக ஆயிரக்கணக்கில் ஒட்டிய கை அது. விரலை எடுத்ததும் பேட்ச் கையோடு வந்துவிட்டது. ரப்பருக்கான பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை.

மணி ஏழு.

சீட்டுக்கு அடியில் தொங்கும் குட்டிப் பையில், இந்த வகை ட்யூபுக்கென்றே வரும் கண்ணாடி மாதிரியான ஸ்டிக்கர்கள் இரண்டு இருந்தன. ரெஜினா பிரிப்பதற்குள் அவர் ஒன்றை வாங்கி ஒட்டினார். பழைய சொல்யூஷன் பிசுபிசுப்பு அப்படியே இருந்தது. ஓரம் தூக்கிக்கொண்டது. உரித்து மறுபடி ஒட்டினார். அதுவும் போயிற்று.

மிச்சம் ஒன்றே ஒன்று.

“அப்பா... நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நாற்பது நாள் லீவில் வரும் மனிதர். மகளுக்குத் தன் கையால் செய்து தர அவருக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். யாருக்காக வருத்தப்படுவது என்றே தெரியவில்லை.

“ஸ்பிரிட் மாதிரி ஏதாவது வேணும்மா, பசையத் துடைக்க” என்றாள். ஸ்பிரிட்டா! எனக்குச் சர்க்கரை என்பதும், ஊசியும் கையுமாக அலைகிறேன் என்பதும் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஊசி போடும் இடத்தைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு ஐந்தாறு என் கைப்பையில் எப்போதும் கிடக்கும். வாங்கித் துடை துடையென்று துடைத்தாள். காயும்வரை காத்திருந்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி ஸ்டிக்கரை வைத்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்தாள்.

இதற்குள் தள்ளி நிறுத்தப்பட்டவர் டயரை மடியில் வைத்து, உள்பக்கம் முழுக்க விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். விரலில் ரத்தம். நகத்தால் நெம்பி எடுத்தார் — உள்ளே ஒடிந்து நின்ற முள் நுனி. அதைக் கவனிக்காமல் மாட்டியிருந்தால் கடைசி ஸ்டிக்கரும் வீண். ரெஜினா அதைப் பார்த்தாள். ஒரு ஸ்பிரிட் பஞ்சை அவர் பக்கம் நீட்டினாள்.

ஏழு இருபது. மைக்கில் கூப்பிடுகிறார்கள்.

“தண்ணில ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம் பாப்பா” என்றார் கெஞ்சலாக. பஞ்சர் ஒட்டினால் காற்றை நிரப்பி, தண்ணீரில் முக்கி, குமிழ் வருகிறதா என்று பார்க்காமல் எந்தக் கடையிலாவது வண்டியைத் தருவார்களா?

“டயருக்கு வெளிய வச்சுக் காத்த நிரப்புனா இது ஊதிப் பெருசாயிடும்பா. திரும்பச் சுருங்காது. அப்படியே மாட்டிட வேண்டியதுதான்.”

அப்படியே மாட்டினார்கள். காற்றடித்தார்கள். ஒட்டியதா இல்லையா? யாருக்குத் தெரியும்! அவள் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த அரை மணி நேரத்தை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். ஐந்து ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டிலும் எங்களைக் கடந்து போகும்போது இவர் ரோட்டோரம் குனிந்துவிடுவார். நானும் குனிவேன். ரிம் தரையில் இறங்குகிறதா? டயர் நசுங்குகிறதா? “நிக்குது” என்பார். அடுத்த ரவுண்டு... “நிக்குதுடி, காத்து நிக்குது.” நான் ஜெபமாலையை உருட்டியபடி சக்கரத்தையே பார்த்தேன்.

கடைசி ரவுண்டில் ஐந்தாறு பெண்கள் மொத்தமாகக் கோட்டைக் கடந்தார்கள். இவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் இறங்கல, பாத்தியா!” என்றார். கண் கலங்கியிருந்தது.

ரெஜினா இரைக்க இரைக்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “கூட்டமா வந்ததுல எனக்கே தெரியலம்மா. நான் எத்தனாவது? நீங்க கோட்டுக்கு நேராதானே நின்னீங்க... பாத்தீங்கல்ல?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மைக் கரகரத்தது. முதல் நம்பர் அவளுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது... பதினேழு. ரெஜினாவின் நம்பர்! சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

கோட்டுக்குப் பத்தடியில் நின்றுகொண்டு, பெற்ற பெண் ஜெயித்ததை மைக்கில் கேட்டுத் தெரிந்துகொண்ட பெற்றோர் அன்றைக்கு நாங்கள் மட்டும்தான்.