செல்விக்கு நான் கொடுத்த மாத்திரை

பிள்ளை பெற்று வீடு திரும்பிய மறுநாள் காலை, மரைக்கே என்ற பெண் வந்து கதவைத் தட்டினாள். இங்கே நெதர்லாந்தில் இதற்கு ‘க்ராம்ஸோர்க்’ என்று பெயர். பிரசவத்துக்குப் பிறகு எட்டு நாள் ஒருவர் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் கவனித்துக்கொள்வார். மரைக்கே என் தையலைப் பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், பிறகு கையுறை மாட்டிக்கொண்டு கழிவறையைக் கழுவப் போனாள். ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். நான் பதறிப்போய் அரைகுறை டச்சில், “வேண்டாம், வேண்டாம்” என்றேன். சுத்தம் போதவில்லை என்று சொல்வதாக நினைத்து, அவள் மறுபடியும் தேய்த்தாள்.

மூன்றாம் நாள் கேட்டாள்: “தலைவலி இருக்கிறதா? கண் முன்னால் ஏதாவது மின்னுகிறதா?”

இல்லை என்றேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சென்னைக்கு, பெருங்களத்தூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே எங்கள் அடுக்குமாடி வீட்டில் செல்வி வேலை செய்தாள். பீர்க்கன்கரணையிலிருந்து நடந்தே வருவாள். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். என் கணவருக்கு விசா கிடைத்ததற்காக வீட்டில் விருந்து வைத்திருந்த நாள், அவளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப் நாளும்கூட.

“அக்கா, காலைலருந்து தல ரொம்ப வலிக்குது. கண்ணுல பூச்சி பறக்குற மாரி கீது. செக்கப்புக்குப் போய்ட்டு வந்துடறேங்க்கா.”

“இன்னைக்கு மட்டும் இருந்துடு செல்வி. இருபது பேர் வராங்க. நாளைக்குப் போயேன்.”

ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன். அவள் பாதங்கள் செருப்புக்குள் நுழையாத அளவு வீங்கியிருந்தன. அதை நான் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

மறுநாள் காலை ரத்த அழுத்தம் ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை; பழங்கள் கொடுத்தனுப்பினேன். “கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா அப்படித்தான்” என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். பத்து நாளில் வேறு ஆள் வைத்துக்கொண்டேன்.

மரைக்கே பிள்ளையை எடை போட்டுக்கொண்டிருந்தபோது செல்வியை அழைத்தேன். என் போனில் அவள் பெயர் இன்னமும் ‘செல்வி மெய்ட்’ என்றுதான் இருந்தது. எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றேன்.

“நல்லா கீறீங்களாக்கா? இன்னா கொழந்த?”

“பொண்ணு.” பிறகு சொன்னேன்: “செல்வி, அன்னைக்கு நான் உன்னை அனுப்பியிருக்கணும்.”

‘பரவால்லக்கா’ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் அழைத்தேன் போலிருக்கிறது.

“ஆமாங்க்கா,” என்றாள் செல்வி நிதானமாக. “அனுப்பியிருக்கணும்.”

நான் அழுவதைப் பார்த்த மரைக்கே ஓடிவந்தாள். “மூன்றாம் நாள் எல்லாத் தாய்மாரும் அழுவார்கள். இயல்புதான்” என்றாள். இல்லையென்று விளக்க என்னிடம் டச்சும் இல்லை, துணிவும் இல்லை. செல்வி போனை வைக்கவில்லை. காதோடு ஒட்டியிருந்த போனில் ஜிஎஸ்டி ரோட்டுப் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மரைக்கே என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள்.