விட்டுக்கொடுத்தே ஜெயித்தவள்

போனாப்போகுது என்ற பெயர் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காதில் விழுந்தது, மாமியார் வாயிலிருந்துதான். வந்த புதிதில் மருமகள் ஒரு வாளி வாங்கி வந்தாள். அதற்குப் பிடி இல்லை.

"கடைக்காரர் முகம் வாடிப்போச்சு அத்தை. போனாப்போகுதுன்னு வாங்கிட்டேன்."

"நல்லா வாங்கின போ! இனிமே உன் பேரே அதுதான்டி."

இப்பேர்ப்பட்டவளுக்கு வேலை எங்கே என்றால், அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில், சாமான் வாங்கும் பிரிவில். மேலாளர் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"பேரம் பேசச் சொல்லித்தர்ற வகுப்பு, மூணு நாள். தேறினா உங்க சீட்டு உங்களுக்கு. இல்லன்னா கீழ கிடங்குல உட்கார்ந்து மூட்டை எண்ணுங்க."

கிடங்கில் ஜன்னல் கிடையாது, எலி உண்டு.

வகுப்பு நடத்தியவர் கோட்டுப் போட்ட மனிதர். எதிராளி எதைக் கேட்டாலும் முதலில் அதிர்ந்துபோக வேண்டும் என்றார். அதை அவள் வீட்டில் பழகினாள்.

"ஒரு டீ போடேன்," என்றான் கணவன்.

"ஆ!"

"ஐயோ, நெஞ்சு வலிக்குதா? அம்மா, இங்க ஓடி வாங்க!"

அதோடு அந்தப் பழக்கம் நின்றது.

கடைசி நாள் பரீட்சை. கோட்டுக்காரரே இயந்திரம் விற்பவராக எதிரில் உட்கார்ந்தார். அவளுக்குப் படித்தது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

"இயந்திரம் வர ஆறு மாசம் ஆகும்."

"போனாப்போகுதுங்க."

"வண்டி வாடகை உங்களோடது."

"சரிங்க."

"ரிப்பேர் ஆனா நாங்க பொறுப்பில்ல."

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க?"

கோட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவர். இப்படி ஒருத்தியைக் கண்டதில்லை. இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று அவருக்கு உதறல் எடுத்துவிட்டது.

"சரி, வாடகை நாங்களே தர்றோம்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"ரெண்டு வருஷம் ரிப்பேரும் பாத்துத் தர்றோம்!"

"வேணாங்க, உங்களுக்குக் கட்டுபடியாகாது."

"மேடம், அடுத்த வாரமே இறக்கிடறோம். உண்மையைச் சொல்லுங்க, உங்க திட்டம்தான் என்ன?"

அவளுக்குத் திட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. திருதிருவென்று விழித்தாள். அதைப் பார்த்து அவர் இன்னும் பயந்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள்.

வகுப்பிலேயே முதல் மதிப்பெண். "மிகவும் ஆபத்தானவர்" என்று அவர் எழுதி அனுப்பியதை மேலாளர் இரண்டு தடவை படித்தார். மூட்டை எண்ணும் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

இப்போது அவள் அதே கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவுக்குத் தலைவியாக இருக்கிறாள்.