மாத்திக் கட்டின வண்டிகள்

எழுபதுகளின் நடுவில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. எடுத்துக்கொண்ட பொருள் மின்வில். வெல்டிங் வைக்கும்போது கண்ணைப் பறிக்கிறதே, அதன் மிகச் சிறிய தங்கை. தலைமயிரைவிட மெல்லிய இடைவெளியில், கண் இமைப்பதற்குள் பிறந்து அணைந்துவிடும்.

அந்த இடைவெளிக்குள் பிளாஸ்மா, அதாவது மின்சாரம் பாயும் கொதிவாயு, எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நான் கணக்கால் ஒரு மாதிரி செய்திருந்தேன். பெரிய வில்லில் எலக்ட்ரான்கள் வழியெல்லாம் மோதிக்கொண்டே போகும். இடைவெளி இவ்வளவு சிறிதானால் மோதுவதற்கு ஆளில்லை. தேனியில் கிளம்பி எங்கும் நிற்காமல் கம்பத்தில் போய் நிற்கிற பஸ் மாதிரி நேரே பிளஸ் முனைக்குப் போய், கொண்டுவந்த சூட்டை அங்கே கொட்டும். ஆகவே பிளஸ் முனை உருகிக் குழி விழும். உருகியது மைனஸ் முனையில் மேடாகப் படியும். இரண்டு வருஷ உழைப்பு இவ்வளவுதான். அது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

சந்தேகம் என் பேராசிரியருக்கு. கண்ணால் பார்க்கும்படி ஏதாவது சான்று கொண்டுவரச் சொன்னார். அதை அளக்கும் கருவி எங்கள் துறையில் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல யோசனைகள் எனக்குக் கோபத்தில்தான் வரும்.

சின்னமனூரில் என் அண்ணன் மேகமலைக்கு வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். பெட்ரோல் ஜீப்பின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு சிறு உலோக முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். பாயிண்ட் என்பார்கள். ஒவ்வொரு பிரிவிலும் பிறப்பது என் மின்வில்தான். மலையேறும் ஜீப்புகளெல்லாம் எனக்காகச் சம்பளமில்லாமல் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தன. ஊர் மெக்கானிக் கழற்றிப் போட்ட பாயிண்டுகளை, எந்த வண்டியுடையது என்று கேட்டுக்கேட்டு வாங்கி வந்து லென்ஸில் பார்த்தேன். பேட்டரியின் மைனஸை பாடியில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில், மாட்டுவதுதான் வழக்கம் என்பதால் பாடியோடு சேர்ந்த முனையை மைனஸ் என்றும் மற்றதை பிளஸ் என்றும் வைத்துக்கொண்டேன்.

பாதியில் குழி பிளஸ்ஸில் இருந்தது. மீதிப் பாதியில் மைனஸ்ஸில்.

"காசைச் சுண்டிப் போட்டாலும் இதுதான் வரும். இந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு பொருள் பாரும்மா" என்றார் பேராசிரியர்.

அத்தியாயம் போனால் ஆராய்ச்சி போகும். ஆராய்ச்சி போனால் என் சாக்கும் போய்விடும். தேவதானப்பட்டியில் ஒரு குடும்பம் அவர்கள் பெண்ணை அண்ணனுக்குக் கொடுத்து, என்னை அவர்கள் பையனுக்கு எடுக்கக் காத்திருந்தது. படிப்பு முடியட்டும் என்று சொல்லியே பிடிகொடுக்காமல் இருந்தேன். ஊருக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அப்போதும் கணக்கின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தப்பு ஜீப்புகளிடம்தான் இருக்க வேண்டும்.

நேரே மெக்கானிக்கிடம் போனேன். "எல்லா வண்டியிலயும் பேட்டரியோட மைனஸ்தானண்ணே பாடியில மாட்டியிருக்கு?"

"வரும்போது அப்படித்தான் வரும் தாயி. குழி விழுந்துருச்சுன்னா நாங்க மாத்திக் கட்டிருவோம்ல."

பேட்டரியின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி மாட்டுவதைத்தான் அப்படிச் சொன்னார். அதற்கேற்ப வேறு சில இணைப்புகளையும் மாற்றிவிட்டால் அந்தக் காலத்து டைனமோ வண்டிகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். "கரண்ட் ஒரே தெசையில ஓடுனா பாயிண்டுக்குச் சலிச்சுப் போகும். மாத்திக் கட்டுனா மேடு கரைஞ்சு குழி ரொம்பிரும்" என்றார். சலிப்பு அவருடைய சொந்தச் சரக்கு. மேடு கரைவது என் கணக்கு. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எவை மாற்றிக் கட்டியவை என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம், "அண்ணே, பாதிக்குப் பாதி மாத்திக் கட்டிருக்காக" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏத்தா, யார் வீட்டுப் பொண்ண யாருக்கு மாத்திக் கட்டிருக்காக?"

பெண் கொடுத்துப் பெண் எடுப்பதற்கும் எங்கள் பக்கம் அதே பேச்சுத்தான். அண்ணனும் நானும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

பாயிண்டுகளைப் பிரித்து வைத்தேன். இப்போது எல்லாமே என் பக்கம் நின்றன, ஒன்றைத் தவிர. அது அண்ணனுடைய ஜீப். மெக்கானிக் ஞாபகத்திலிருந்து சொன்ன வண்டிகளில் அது இல்லை. தன் வண்டியை யாரும் மாற்றிக் கட்டவில்லை என்று அண்ணனும் அடித்துச் சொன்னான். அந்த ஒன்றைப் பேராசிரியர் விடமாட்டார்.

"அப்ப பேட்டரிய மாத்தித்தான் மாட்டிருக்காக. தெற பானெட்ட" என்றேன்.

திறந்தான். பாடியில் பிளஸ் இருந்தது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "என்னைய ஒரு வார்த்தை கேக்காம கட்டிருக்காகளே."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். அப்பாவின் தங்கையை அம்மாவின் அண்ணனுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். "என்னைய மட்டும் கேட்டா கட்டுனாக?" என்றாள்.

அந்த அத்தியாயத்தைப் பேராசிரியர் ஒரு வரிகூட வெட்டவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தேவதானப்பட்டிக்காரர்கள் மறுபடி வந்தபோது நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவே முன்னால் வந்து பேசினாள்.

"மொதல்ல எம் மகளக் கேக்கணும்ல" என்றாள்.