கைலாசம் சாரின் கேமராவும் ஒரு மொட்டைத் தலையும்

கீழப்பாவூரில் கைலாசம் சார் வீட்டு வாசல் பலகையில் 'செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் ஆராய்ச்சியாளர்' என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். சில வருடங்களுக்கு முன் அதே பலகையில் 'கிளவுட்' இருந்தது. அதற்கும் முன்னால் 'பிக் டேட்டா'. எந்தச் சரக்கு விலை போகிறதோ அதற்கேற்ப பெயிண்டரைக் கூப்பிட்டுவிடுவார். தென்காசிப் பக்கம் எங்கள் கல்லூரியில் அவர் கணினித் துறைத் தலைவர். நான் அங்கே கணிதம் எடுப்பவள். இத்தனை வருடத்தில் அவர் உட்கார்ந்து புரோகிராம் எழுதி நான் பார்த்ததில்லை. மாணவர்கள் எழுதுவார்கள். கட்டுரையில் முதல் பெயர் மட்டும் அவருடையதாக இருக்கும்.

குற்றாலச் சீசனில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாலும் மனிதர் அடங்கமாட்டார். உடம்பெல்லாம் எண்ணெயோடு நிற்கும் யாரோ ஒருவரிடம், "அண்ணாச்சி, பிளாக்செயின்னா என்னன்னு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அந்த ஆள் தப்பித்தால் போதும் என்று அருவிக்குள் ஓடிவிடுவார்.

அப்படிப்பட்டவர் போன வருடம் ஒரு சாதனை செய்தார். வகுப்பு வாசல்களில் கேமரா வைத்தார். அது முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும். ஒவ்வொரு நாள் பதிவும் முந்தைய நாள் பதிவோடு பூட்டிக் கோக்கப்படும். பல கணினிகளில் நகல் இருக்கும், ஒன்றில் கைவைத்தால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். இதுதான் அவருடைய பிளாக்செயின். யோசனையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் 'பல கணினிகள்' அவர் அறையிலேயே தூசி படிந்து கிடந்த மூன்று பழைய பெட்டிகள். மூன்றுக்கும் பாஸ்வேர்டு அவர் ஒருவரிடம்தான். இந்த லட்சணத்தில், "பிரம்மனே வந்தாலும் மாத்த முடியாது" என்று மேடைக்கு மேடை முழங்கினார். வராந்தாவில் பெரிய டிவி வைத்து, வந்தவர் பெயரைப் பச்சையிலும் வராதவர் பெயரைச் சிவப்பிலும் ஓடவிட்டார்.

பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள், நேர்ந்துகொண்டவர்கள் முடி இறக்குவார்கள். கீழப்பாவூர்க்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆனாலும் இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய, தலை நிறைய முடியுள்ள வெளிநாட்டு முகங்களை வைத்தே கேமராவைப் பழக்கியிருந்தார். மொட்டைத் தலையோடு யார் வந்து நின்றாலும் அது, "அறிமுகமில்லாத நபர்" என்று சொல்லிவிடும்.

மொட்டை போட்ட பையன்களுக்கு விடுப்பு மிச்சமிருந்ததால் பெரிய நஷ்டமில்லை. இசக்கிச்செல்விக்குத்தான் கழுத்தில் கத்தி. சுந்தரபாண்டியபுரத்துப் பெண், இறுதியாண்டு படிக்கிறாள். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்ததில் அவளுடைய விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. அம்மா பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டபடி முடி இறக்கிவிட்டு வந்தாள். அதன்பிறகு தினமும் வகுப்பில் இருந்தாள், டிவியில் தினமும் சிவப்பாக இருந்தாள். வருகை போதாமல் ஹால் டிக்கெட் நின்றது. பரீட்சை எழுதாவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனாள்.

"சார், நான் டெய்லி வாரேன். ஒங்க முன்னாடிதான உக்காந்திருக்கேன்."

"நீ வாறது எனக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணும்லா?"

"கையால போட்டுருங்க சார்."

"செயின்ல கை வச்சா எல்லாம் போச்சு. நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

"சார், என் கிளாஸ்லயும் அவ தினமும் இருக்கா" என்றேன்.

"மேடம், நீங்க மேத்ஸ். இது வேற லெவல்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மூன்று பெட்டிகளையும் தூக்கி சிற்றாற்றில் வீசியிருப்பேன்.

அடுத்த வாரம் அவருக்கு டீன் பதவி கிடைத்தது. அதற்காக அவரும் சாஸ்தாவிடம் நேர்ந்திருந்தார். திங்கட்கிழமை காலை தலையெல்லாம் சந்தனத்தோடு கேமரா முன் கம்பீரமாக வந்து நின்றார்.

"அறிமுகமில்லாத நபர்" என்றது கேமரா.

கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார், சிரித்தும் காட்டினார். அது மசியவில்லை. புதிய டீனின் பெயர் டிவியில் சிவப்பாக ஓடியது. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மத்தியானம் டீ வருவதற்குள் அந்தப் பெயர் பச்சையாகிவிட்டது.

இசக்கிச்செல்வி காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று டிவியைப் படம் பிடித்து வைத்திருந்தாள். நேரே அவர் அறைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். தலையில் போட்டிருந்த துப்பட்டாவை அவர் முன்னால் எடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தலதான் சார். ஒங்க செயின் ஒடையலையே?"

"அது... அட்மின் கரெக்‌ஷன்மா" என்று மென்று விழுங்கினார். கொஞ்ச நேரம் அவள் தலையையே பார்த்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை, அவருக்கு யோசனை பிறந்திருந்தது. "ஒன்ன நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கிடட்டா? நல்ல பேப்பர் ஒண்ணு வரும்."

"மொட்டை போட்ட எல்லாத்துக்கும் மொதல்ல அட்டெண்டன்ஸ் சார். எனக்கு ஹால் டிக்கெட். பொறவு எடுத்துக்கோங்க."

பிரம்மனாலும் முடியாதது பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஜூனில், நல்ல சாரல் நேரத்தில், குற்றாலத்து ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு நடந்தது. மொட்டைத் தலையோடும் முகத்தை அடையாளம் காண்பது பற்றிக் கைலாசம் சார் கட்டுரை வாசித்தார். ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. திரையில் இசக்கிச்செல்வியின் முகம் நாலு பக்கமும் தெரிந்தது, கீழே 'மாதிரி ஒன்று' என்று போட்டிருந்தது. அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பரீட்சையில் தேறியிருந்த அவளையும் வரச் சொல்லியிருந்தார். அரங்கத்து வாசலிலும் அவருடைய கேமராதான், அது அடையாளம் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். அவளுக்கு முடி ஓரங்குலம் வளர்ந்திருந்தது. முகத்தை அதற்குக் காட்டினாள்.

"அறிமுகமில்லாத நபர்."

உள்ளே, திரையில், அதே முகம் சுவர் உயரத்துக்கு நின்றது. வாசலோரம் உட்கார்ந்திருந்த நான் கைலாசம் சாரை அழைத்து வர எழுந்தேன்.

"வேண்டாம் மேடம்" என்று சிரித்தாள். "அம்மா அங்கன அருவில குளிச்சிட்டு இருக்கா. நான் அவகூடப் போறேன்."

நானும் அவளோடு கிளம்பிவிட்டேன். உள்ளே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.