வீரம்மா பூ வைத்த படம்

பிழை என்று கண்டால் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. பருத்தித்துறையிலிருந்து மலையகத்து லிந்துலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து பன்னிரண்டு வருடமாகியும் அந்தக் குணம் போகவில்லை. வீரம்மாவை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

வீரம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பதினாறில் கொழுந்துக் கூடை தூக்கியவர், கலியாணமோ முப்பத்தைந்தில்தான். கணவர் கஜேந்திரனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இரவு வேலை. கார்த்திகை மழையில் மலை சரிந்த அன்று வீரம்மா மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். கஜேந்திரன் மலைக்குக் கீழே, லயத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். மெசின் வந்து இரண்டு நாள் தோண்டியது. மறுபடி சரியும் என்று இடத்தையே அடைத்துவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

தப்பியவர்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். என் விஞ்ஞான அறையில் வீரம்மாவும் இன்னும் நான்கு குடும்பங்களும் இருந்தார்கள். அங்கே சுவரில் நான் எப்போதோ ஒட்டிய பெரிய படம் ஒன்று இருந்தது. செம்மண் சரிவு, அடியில் இடிந்து குவிந்த மண், சிதறிய கற்கள், நடுவே சக்கரத் தடம். ஒரு புல்கூடக் கிடையாது. அதன் கீழே தினமும் காலையில் ஒரு செவ்வந்திப்பூ இருக்கும்.

"ஏனம்மா இதுக்குப் பூ வைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"அவரு இங்கனதானே சார் கெடக்காரு. எங்களத்தான் கிட்ட விடமாட்டேங்கிறாங்க. பாருங்க, மெசின் வந்துபோன தடம்கூட இருக்கு. இன்னுங் கொஞ்சம் தோண்டியிருக்கலாம்ல?"

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

"இது உங்கட தோட்டமில்லை அம்மா. செவ்வாய்க் கிரகம். அங்க மழையுமில்லை, மனுசருமில்லை. ஆளில்லாத வண்டியொண்டு போய் எடுத்த படம்."

வீரம்மாவின் முகம் செத்துப்போனது.

"செவ்வாயா சார்? எனக்குச் செவ்வாய் தோசம். புருசனுக்கு ஆகாதுன்னு ரொம்ப வருசம் ஒருத்தரும் கட்டல. இவருதான் அதெல்லாம் பாக்கமாட்டேன்னு வந்து கட்டுனாரு."

எனக்குப் பதறிவிட்டது. அது வெறும் கல்லும் துருப்பிடித்த மண்ணும்தான், அதற்கு ஒருவரையும் தெரியாது, மலையைச் சரித்தது மழை, லயத்துக்கு மேலே தண்ணீர் வடியக் கான் வெட்டாமல் விட்டது மனுசர் என்று பாடம் மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றார்.

மறுநாள் காலை படத்தின் கீழே பூ இல்லை. வீரம்மா வெளி விறாந்தையில், சாரல் அடிக்கிற இடத்தில், பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன்.

"வேணாம் சார். உள்ள நாலு வீட்டு ஆம்பளைங்க இருக்காங்க. அவங்களாச்சும் நல்லா இருக்கட்டும்" என்றார்.