முருகவேல் தட்டினால்தான் ஓடும்

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் இருக்கிற விடுதிக்கு முருகவேல் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆட்டோ பேசி விடுவது. நான் அங்கே சமையல். அடுப்படி ஜன்னலிலிருந்து அவர் மேஜை நன்றாகத் தெரியும்.

மேஜைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். படம், பஜனை, சாமியார்களின் பேச்சு எல்லாம் அதில் சேர்த்து வைத்திருக்கிறார். மீடியா சர்வர் என்று ஒரு புரோகிராம் அவற்றை எல்லா அறை டிவிக்கும் அனுப்புகிறது. கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழுந்துவிடும், சர்வர் எழாது. யாராவது பாஸ்வேர்டு போட்டு அதைத் திறக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் முருகவேல்தான். டீக்கடையில் இருந்தாலும் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார்.

ஓடி அலுத்துப்போய், போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு வழி செய்தார். கம்ப்யூட்டர் எழுந்ததுமே, யாரும் தொடாமல், சர்வர் உள்ளுக்குள் ஓடத் தொடங்கிவிடும். திரையில் மலைப் படத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. முருகவேல் அதன்பிறகு டீயை முழுதாகக் குடித்தார்.

வினை அங்கேதான் வந்தது. விடுதி உரிமையாளர் இராமலிங்கம் வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டில் ஆள் குனிந்திருந்தால்தான் வேலை நடக்கிறது என்று நம்புகிறவர். ஒருநாள் வந்து பார்த்தால் முருகவேல் பேப்பர் படிக்கிறார், திரை சும்மா இருக்கிறது. கரண்ட் வீணாகிறதே என்று இராமலிங்கம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார். எல்லா அறையிலும் பஜனை நின்றது.

திரையில் தெரியாவிட்டாலும் சர்வர் தானாக ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று முருகவேல் விளக்கினார். இராமலிங்கம் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் அதுவே பாத்துக்குதுன்னா, நீ எதுக்குப்பா எனக்கு? அடுத்த மாசம் வேற எடம் பாத்துக்கோ."

முருகவேலுக்குப் படிக்கிற வயதில் இரண்டு பெண்கள். வேறு இடம் என்று ஒன்றும் கிடையாது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து, கம்ப்யூட்டர் எழுந்தாலும் சர்வர் சில நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்று மாற்றி வைத்தார்.

அடுத்த முறை கரண்ட் வந்தது, பஜனை வரவில்லை. அறைக் கதவுகள் திறந்தன. இராமலிங்கமே தெருவுக்கு வந்து கூப்பிட்டார். முருகவேல் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியைப் போட்டு எதையோ தட்டினார், யோசித்தார், மறுபடி தட்டினார். பஜனை வந்தது. இவர் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் ஓடாது என்று இராமலிங்கம் விருந்தாளிகளிடம் சொன்னார். வேறு இடம் என்ற பேச்சு அதோடு நின்றது.

போன பௌர்ணமிக்கு முருகவேல் பஸ் நிலையம் போனவர் கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தது. இராமலிங்கம் பதறிப்போய், தானே உட்கார்ந்து கைக்கு வந்த பட்டனையெல்லாம் தட்டினார். பஜனை வந்துவிட்டது.

"நானே போட்டுட்டேன், பாத்தியா?" என்றார், முருகவேல் உள்ளே நுழைந்ததுமே.

முருகவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எதெதெல்லாம் சார் தட்டுனீங்க?"

இராமலிங்கத்துக்கு நினைவில்லை.

"நல்லவேளைங்க சார். ஒண்ணு மாறியிருந்தா படமெல்லாம் அழிஞ்சிருக்கும்."

இராமலிங்கம் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் கரண்ட் வந்ததும் இராமலிங்கம்தான் தட்டுகிறார். தப்பாக எதுவும் அமுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள முருகவேல் பக்கத்திலேயே நிற்கிறார். சர்வர் அதன் நேரத்துக்கு எழுந்து ஓடுகிறது.