சரிபார்த்தவரின் கையெழுத்து

ரொறொன்ரோவில் நான் படிக்கும் கல்லூரியில் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். கொம்பியூட்டர்களை ஒருவரும் நிறுத்துவதில்லை. ஆளில்லாத அறையில் முப்பது திரைகள் எரிந்துகொண்டே இருக்கின்றன. முதல் வாரம் மனம் கேட்காமல் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தேன். அடுத்த நாள், யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வாசித்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல உள்ளே போய் இருந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகுதான் நான் கொம்பியூட்டர் படிக்கப் போனேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சாவகச்சேரியிலிருந்து நல்லூருக்குச் சைக்கிள். ஒரு வீட்டின் முன்னறையில் பன்னிரண்டு பேர், ஒரு கொம்பியூட்டர், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஜெனரேற்றர். சனிக்கிழமை மட்டும் அதை ஓட்டுவார்கள். ஆளுக்கு இருபது நிமிடம். மற்ற நாட்களில் சி.ஆர். கொப்பி என்னும் பெரிய குறிப்பேட்டில் புரோகிராம் எழுதி, வரி வரியாக விரல் வைத்து, நாங்களே கொம்பியூட்டராகி ஓட்டிப் பார்ப்போம்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேருடைய நேரம் விடுபட்ட ஒரு அரைப்புள்ளியைத் தேடுவதிலேயே போய்விட்டது. பெரிய சண்டை. வகுப்பில் வயதில் மூத்த யோகன் அண்ணைதான் வழி சொன்னார். "எழுதினவைக்குத் தங்கடை பிழை தெரியாது. ஆளுக்காள் மாறிப் பாத்துக் கையெழுத்து வைப்பம். பிழை வந்தால் பாத்தவையின்ரை அடுத்த முறை போகும். அப்பத்தான் வடிவாப் பாப்பினம்." எல்லோரும் கையை உயர்த்தினோம். எழுதியவருக்குத் தண்டனை இல்லை. பிழையைக் காணாமல் விட்டவருக்குத்தான். வெளியாருக்கு இது அநியாயமாகத் தெரியும். எங்களுக்கோ அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவே பயமாக இருந்தது. என் கவலையீனத்துக்கு இன்னொருத்தி அல்லவா தன் இருபது நிமிடத்தை இழக்கவேண்டும்?

என் கொப்பியைப் பார்த்தவள் குருநகர் ஸ்ரெல்லா. அவளுடையதை நான் பார்த்தேன்.

அந்தப் பழக்கம் கையோடு இங்கேயும் வந்துவிட்டது. போன பெப்ரவரியில் வகுப்பில் ஒரு பயிற்சி தந்தார்கள். பக்கத்தில் இருந்த போலந்துக்காரி மார்த்தாவின் தாளை வாங்கி வாசித்து, ஒரு பிழையைச் சிவப்பு மையால் வளைத்து, கீழே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். என் தாளை அவளிடம் நீட்டினேன். மரியாதைக்கு அவளும் வைத்தாள். இரண்டு நாளில் விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்கள் தாளில் எதற்கு மார்த்தாவின் பெயர்?"

"அவர்தான் பார்த்தவர். பிழை இருந்தால் தண்டனை எனக்கு இல்லை, அவருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்கள் தவறுக்கு அவரை மாட்டிவிடுகிறீர்களா?"

"ஆம். அவருடையதுக்கு என்னை," என்றேன். தெளிவாக விளங்கப்படுத்திவிட்டேன் என்று எனக்கு ஒரே திருப்தி. அதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒருவர் மேல் வைக்கமுடியாது என்று சொல்லும் அளவுக்கு என் ஆங்கிலம் இருக்கவில்லை. சேர்ந்து எழுதியதாக இரண்டு பேருக்கும் பூச்சியம். நான் வந்து சில மாதங்களே ஆனபடியால் ஒரு சலுகை: வேறு பயிற்சி, தனித்தனி அறை. அதிலும் ஏதாவது என்றால் படிப்பை விட்டுப் போகவேண்டும். தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுவது எனக்குக் கேவலமில்லை. ஆனால் இந்தப் படிப்பை இழக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

ஏனென்றால் நான் ஏற்கெனவே ஒருத்தியின் படிப்பைக் கெடுத்தவள். எந்தத் திகதியைக் கொடுத்தாலும் கிழமையைச் சொல்லும் புரோகிராம் ஒன்றை ஸ்ரெல்லா இரண்டு மாதமாக எழுதினாள். "அம்மா நான் வெள்ளிக்கிழமை பிறந்தது எண்டிறா, அப்பா சனி எண்டிறார். கொம்பியூட்டரட்டைக் கேட்டுத்தான் தீர்க்கவேணும்," என்பாள். ஒரு சனிக்கிழமை அதை ஓட்டுவதாக இருந்தாள். அதற்கு முந்திய சனிக்கிழமை, பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டவேண்டிய என் புரோகிராமில் அடுத்த பெயருக்குப் போக எண்ணை ஒன்றால் கூட்டும் வரியை நான் விட்டுவிட்டேன். முதல் பெயரே திரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. கொப்பியில் கீழே அவள் கையெழுத்து. நான் அழுதேன்.

"விசரி, ஏனடி அழுகிறாய்? பாத்தது நான். நான்தான் வடிவாப் பாக்கேல்லை," என்றாள்.

"என்ரை முறையை நீ எடு, ஸ்ரெல்லா."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். ஒரு கிழமைதானே, நான் பாத்துக்கொண்டிருப்பன்."

அவள் முறை போனது. அதற்கடுத்த சனிக்கிழமை மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை. வகுப்பை நிறுத்தினார்கள். எனக்குப் பயணம் சரிவந்தது. அவளுடைய புரோகிராம் ஒருநாளும் ஓடவில்லை.

தனியறையில் இருந்து அந்தப் பயிற்சியை எழுதினேன். எண்ணைக் கூட்டும் வரி வந்ததும் என் விரல் தானாக நின்று, அதைப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. முதல் ஓட்டத்திலேயே சரிவந்தது. பிறகு விரிவுரையாளர் ஒரு கடதாசியை நீட்டினார். 'இதை நான் தனியாகவே செய்தேன். வேறு எவருடைய உதவியும் இதில் இல்லை.' பேனையைத் திறந்தேன். அந்த ஒரு வரியை எனக்கு மறக்காமல் வைத்தது ஸ்ரெல்லா இழந்த இருபது நிமிடம். அதை எப்படி இல்லை என்று எழுதுவது? எழுதாவிட்டால் படிப்புப் போகும். கையெழுத்து வைத்தேன். அவர் சந்தோஷமாகக் கைகொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது என் வேலையை ஒருவரிடமும் காட்டுவதில்லை. எழுதி முடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதிரைக்கு மாறி இருக்கிறேன். அங்கே இருந்து, வேறொருத்தி எழுதியது என்று நினைத்து வாசிக்கிறேன். பிழை அகப்பட்டால் திரும்ப இந்தக் கதிரைக்கு வந்து திருத்துகிறேன். நேற்று வகுப்பு நிரம்பிவிட்டது. பிந்தி வந்த மார்த்தா இரண்டு கதிரைகளையும் பார்த்துவிட்டு, "இதில் எது உன்னுடையது? மற்றதில் நான் இருக்கலாமா?" என்று கேட்டாள். தாளும் கையுமாக இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.